வரிசையில் நிற்க முடியாத மூன்று பேர்

போன வருடம் ஆவணி மாதம், அச்சுவேலிக்குக் கிழக்கே கடல்நீரேரியை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் மாரி முடிந்து சில மாதங்களுக்கு நல்ல தண்ணீர் தரும். பிறகு மெல்ல மெல்ல உவரேறும். ஆவணியில் அந்தத் தண்ணீரில் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், அவ்வளவுதான். தேநீர் போட்டால் பால் திரைந்து மேலே மிதக்கும். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் வரும் தண்ணீரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டு வாசல் படலையடியிலும் ஒரு கறுப்புத் தாங்கி வைத்திருக்கிறோம். பவுசர் காலையில் ஒருமுறை வரும். எல்லாத் தாங்கிகளையும் நிரப்ப அதில் இருக்கும் தண்ணீர் காணாது. முந்தியெல்லாம் பெரிய வீதியில் இருப்பவர்கள் பவுசரை மறித்துத் தங்கள் தாங்கியை நிரப்பிவிடுவார்கள். ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போகும்போது குழாயில் காற்றுத்தான் வரும். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

நான் யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். அப்பா சிறு வயதிலேயே வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். அம்மா இடம்பெயர்வுகளுக்கு நடுவே எழுத்துக்கூட்டப் பழகியதோடு சரி. இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை. அந்தக் கூட்டத்தில் எனக்கென்று ஒரு கதிரை இழுத்துப் போட்டபோது அப்பா பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். நான் நிமிர்ந்துதான் இருந்தேன்.

பேச்சு இப்படிப் போனது. காலையில் எல்லா வீடும் தங்கள் தாங்கியில் எத்தனை வாளித் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று கைபேசியில் அனுப்ப வேண்டும். குறைய வைத்திருக்கிற வீட்டுக்கு முதலில் பவுசர் போக வேண்டும். இது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அப்போது ஒருவர் எழும்பி, ஒரு வாளி இரண்டு வாளி வித்தியாசத்தை எல்லாம் கணக்கில் எடுப்பது அழகில்லை என்றார். மூன்று வாளி வைத்திருக்கிற கிழவனைக் காத்திருக்க வைத்துவிட்டு இரண்டு வாளி வைத்திருக்கிற இளந்தாரி வீட்டை நிரப்புவதா என்று கேட்டார். சபை அவர் பக்கம் சாய்ந்தது. ஆகவே முடிவு இது: வித்தியாசம் ஒன்றிரண்டு வாளிதான் என்றால் அதைப் பார்க்கக் கூடாது. எந்த வீட்டில் வயதில் மூத்தவர் இருக்கிறாரோ அந்த வீடு முந்தி. வித்தியாசம் அதற்கு மேலே போனால் மட்டும் தண்ணீர் குறைந்த வீடு முந்தி.

பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு மனுசி என் காதுக்குள் சொன்னா, "வேலிக்கு ஒரு சாண் விடமாட்டினம், தண்ணிக்கு ரெண்டு வாளி விடுகினமாம்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் உள்ளூர எனக்கு அந்த விதி பிடித்துப்போனது. எங்கள் சனத்தின் நல்ல குணம் அதில் இருந்தது. சின்னதைப் பெரிது பண்ணாமல் விடுவது, மூத்தவருக்கு இடம் கொடுப்பது. கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

எழுதுவதற்கு நான் வேலையில் பழகிய ஹாஸ்கல் என்ற கணினி மொழியைத்தான் எடுத்தேன். அது கண்டிப்பான மொழி. ஒரு வீட்டின் வாளிக் கணக்கையும் அங்கே இருப்பவரின் வயதையும் தனித்தனி வகை என்று சொல்லிவிட்டால், பிறகு கவனக்குறைவாய் அவை இரண்டையும் கூட்டினால் ஓட மாட்டேன் என்று நின்றுவிடும். சந்தேகமான எதையும் வாசலிலேயே மறித்துவிடும். அதனால் அது ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டால் நெஞ்சில் கை வைத்து நித்திரை கொள்ளலாம் என்பது எங்கள் அலுவலகத்துப் பேச்சு. அந்த மொழியில் பொருள்களை வரிசைப்படுத்த ஒரே ஒரு விடயத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும். இரண்டு வீட்டைக் கையில் தந்தால், எது முந்தி, எது பிந்தி. மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். வரிசை கட்டும், தேடும், எடுத்துத் தரும். கூட்டத்தில் எடுத்த முடிவை நான் ஒரு சொல்லும் பிசகாமல் எழுதினேன். மொழி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

காலையில் நிலையத்தின் தலைவர் அண்ணை தன் கைபேசியில் வரிசையைத் திறப்பார். மேலே நிற்கிற வீடுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டுவார். தட்டிய வீட்டை நான் எழுதிய கணினி நிரல் தேடி எடுத்து, அந்த வீட்டுக்கும் பவுசர்ச் சாரதிக்கும் செய்தி அனுப்பும். சாரதி செய்தி வந்த படலைக்கு மட்டும் போவார். முதல் கிழமை ஊரே அமைதியாக இருந்தது. சந்தையில் என்னைக் கண்டவர்கள் நின்று கதைத்தார்கள். அம்மா அந்த நாட்களில் காரணமே இல்லாமல் கடைக்குப் போய்வந்தா.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டில் தொடங்கியது.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. அங்கே ஒரு அக்கா இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறா. கணவர் கட்டாரில். அவர் வெளிநாடு போவதற்கு முன்னர் வேலி புதுப்பித்தபோது கதியால்களை எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்பது அப்பாவின் வழக்கு. அவர் நட்டது பழைய குழியில்தான் என்பது அவர்களின் வழக்கு. இரண்டு பக்கமும் கிராம அலுவலரான விதானையாரிடம் போய்வந்தாயிற்று. கதியால்கள் தழைத்து மரமாகியும்விட்டன. பகை அப்படியே நின்றது.

அந்த அக்கா வீட்டுக்குச் செய்தி போகவில்லை. ஒருநாள் போகவில்லை, மறுநாள் போனது, பிறகு தொடர்ந்து போகவில்லை. அவ காலையில் தாங்கி வெறுமை என்று அனுப்புகிறா. வரிசையில் அவவின் வீடு மேலேயே தெரிகிறது. தலைவர் அண்ணை தட்டினேன் என்று சத்தியம் பண்ணுகிறார். ஆனால் பவுசர் எங்கள் படலையில் நின்று எங்கள் தாங்கியை நிரப்பிவிட்டு, அவவின் படலையைத் தாண்டிப் போகிறது. அவ சைக்கிள் கரியரில் தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு தூரத்துக் குழாய்க்குப் போய்வருவதை நான் வேலைக்குப் போகும் பேருந்துக்குள் இருந்து கண்டேன். முன்பக்கத்தில் சின்னவன் இருந்தான்.

அடுத்தநாள் மாலை நான் பேருந்தால் இறங்கி வரும்போது அவ ஒழுங்கை முகப்பில் நின்றா. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை இது.

"தங்கச்சி, உங்களுக்குத் தண்ணி இல்லையெண்டு நேரை முகத்துக்குச் சொல்லும், நான் கேக்கிறன். ஃபோனுக்குள்ளை ஒளிச்சு நிண்டு செய்யாதையும். என்ரை பிள்ளையளோ கதியால் நட்டதுகள்?"

சுற்றி நின்ற அயலவர்கள் யாரும் எனக்காகப் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் நானே அவர்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். நிரலை எழுதியது நான். தண்ணீர் வராதது எங்களோடு பகைத்த வீட்டுக்கு. படித்த பிள்ளை படிப்பைக் கொண்டு வேலிச் சண்டையைத் தீர்க்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். அப்பா அன்று என் சோற்றுக் கோப்பையில் பெரிய மீன் துண்டை வைத்தார். வைத்துவிட்டு மெல்லச் சொன்னார், "கனநாளைக்கு விடாதை. ஒரு கிழமை காணும்."

"அப்பா, நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"ஓம், ஓம். நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

ஊர் சொன்னதை நான் தாங்கியிருப்பேன். அப்பாவின் அந்தச் சந்தோசத்தைத் தாங்க முடியவில்லை. தோட்டத்தில் முதுகு வளைத்து என்னைப் படிப்பித்தது இதற்குத்தான் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இதன் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் அந்த அக்காவின் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் இல்லை, எனக்கு இந்த ஊரில் முகமும் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைவர் அண்ணையிடம் போய், நான் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அந்த வீட்டுக்குப் போகச் சொல்லிச் சாரதிக்கு வாயால் சொல்லிவிடும்படி கேட்டேன். அவர் சொன்னார். அந்த வீட்டுத் தாங்கி நிரம்பியது. ஆனால் ஊர் அதையும் வேறுமாதிரித்தான் வாசித்தது. பிடிபட்டதும் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றார்கள்.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறை முழுவதும் மேசையில் இருந்தேன். தொலைபேசி இலக்கம் பிழையோ என்று பார்த்தேன், சரி. செய்தி அனுப்பும் பகுதி பழுதோ என்று பார்த்தேன், மற்ற எல்லா வீட்டுக்கும் போகிறது. கடைசியில் அந்தக் காலையின் தரவை அப்படியே ஏற்றி, நிரலிடம் நேரடியாகக் கேட்டேன். வரிசையில் இருக்கிற எல்லா வீட்டையும் காட்டு. காட்டியது. அந்த அக்காவின் வீடு அதில் இருந்தது. அடுத்த வரியிலேயே கேட்டேன். இந்த வீடு வரிசையில் இருக்கிறதா? இல்லை என்றது.

மறுபடியும் கேட்டேன். காட்டு என்றால் இருக்கிறது. இருக்கிறதா என்றால் இல்லை. இடையில் நான் ஒன்றையும் மாற்றவில்லை. அதே வரிசை, அதே வீடு, அதே கண்டிப்பான மொழி. மத்தியான வெயில் தகரத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஆள் இருப்பது யன்னலால் தெரிகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று பதில் வருகிறது. அப்படி இருந்தது அது.

இந்த இடத்தில் ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். கணினி இப்படியான வரிசையை நேர்க்கோடாக வைத்திருப்பதில்லை. அதை ஒழுங்கைகள் பிரிந்து போகும் ஊர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு வீடு. நீங்கள் ஒரு வீட்டைத் தேடிப் போனால், சந்தி வீட்டிடம் கேட்பீர்கள்: நான் தேடுகிற வீடு உனக்கு முந்தியா, பிந்தியா? முந்தி என்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும், பிந்தி என்றால் வலப்பக்கம். இரண்டு மூன்று சந்தியிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். எல்லா வீட்டையும் காட்டு என்றால் அது எல்லா ஒழுங்கையிலும் நடந்து பார்த்துச் சொல்லும். ஒரு வீட்டைத் தேடு என்றால் சந்திகளில் கேட்டுக் கேட்டுப் போகும். புது வீடுகள் சேரும்போது, ஒரு பக்கம் நீண்டுவிடாமல் இருக்க, எந்த வீடு சந்தியில் நிற்பது என்பதை அது மாற்றிக்கொள்ளும். இதெல்லாம் நான் பல்கலைக்கழகத்தில் படித்ததுதான். பரீட்சையில் அழகாக எழுதியும் இருக்கிறேன்.

அந்த வீடு இருக்கிறது, ஆனால் சந்திகளில் கேட்டுப் போனால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. அப்படியென்றால் ஏதோ ஒரு சந்தி பிழையாகக் கை காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு சந்தியும் கை காட்டுவது நான் எழுதிய விதியைக் கொண்டு. விதியோ ஊரே கை தூக்கிய விதி.

முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமாக விட்டிருக்கும் ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. நாம் உண்மை என்று நம்பும் ஒன்றைச் சொன்னால், அது கண்டபடி உதாரணங்களைச் செய்து, அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கப் பார்க்கும். அதனிடம் நான் சொன்னது இது: ஒரு வீடு இரண்டாவது வீட்டுக்கு முந்தி, இரண்டாவது வீடு மூன்றாவதுக்கு முந்தி என்றால், முதல் வீடு மூன்றாவதுக்கும் முந்தியாகத்தான் இருக்கும். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு. முதலாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால்கூட ஓம் என்று சொல்லும். இதையும் ஒருவர் சோதிப்பாரா?

தேநீர்க் கோப்பையைத் தூக்குவதற்குள் பதில் வந்துவிட்டது. பொய். கீழே மூன்று வீடுகள்.

கடதாசி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் வீட்டில் நான்கு வாளி, மிக மூத்தவர் அங்கே. இரண்டாவது வீட்டில் இரண்டு வாளி, நடு வயது. மூன்றாவது வீடு வெறுமை, எல்லோரும் இளையவர்கள். முதலும் இரண்டும் பார்த்தால் வித்தியாசம் இரண்டு வாளிதான், மூத்தவர் வீடு முந்தி. இரண்டும் மூன்றும் பார்த்தால் அங்கேயும் வித்தியாசம் இரண்டு வாளிதான், வயது கூடிய இரண்டாவது வீடு முந்தி. மூன்றும் முதலும் பார்த்தால் வித்தியாசம் நான்கு வாளி, வெறுமையான மூன்றாவது வீடு முந்தி. ஒன்றைவிட ஒன்று முந்தி, ஒன்றைவிட ஒன்று முந்தி, சுற்றி வந்து தொடங்கின இடத்திலேயே முட்டுகிறது. முதலும் இல்லை, கடைசியும் இல்லை. இப்படி ஒரு வட்டத்துக்குள் சந்தி வீடு மாறினால், புதிதாய் வந்த சந்தி வெறுமையான வீட்டைத் தேடி வருபவரை எதிர்ப்பக்கம் அனுப்பிவிடும்.

கண்டிப்பான அந்த மொழி இதை ஏன் மறிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வகை பிழைத்தால் அது மறிக்கும். வரிசை வரிசையாக இருக்கும் என்பதை மட்டும் அது என் வாக்கை நம்பி விட்டுவிடுகிறது. அந்த ஒரு வாக்கின் மேலே மற்றதெல்லாம் நிற்கிறது.

நான் எழும்பி முற்றத்துக்குப் போய்ச் சும்மா நின்றேன். இதைச் சொன்னால் விளங்குமோ தெரியாது, ஆனால் எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பிரமிப்புத்தான் வந்தது. எங்கள் விதியில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. எந்த இரண்டு வீட்டை எடுத்தாலும் அது தருவது நல்ல தீர்ப்பு. அந்த நல்ல தீர்ப்புகளை ஒன்றோடு ஒன்று தொடுத்தால் ஒரு வட்டம் வருகிறது, அந்த வட்டத்துக்குள் ஒரு வீடு காணாமல் போகிறது. அதுவும் தாங்கி வெறுமையான வீடு, பேச மூத்தவர் இல்லாத வீடு. நான் எழுதுவதற்கு முன்னும் அந்த வட்டம் அங்கே இருந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதற்குக் கை தூக்கியிருக்கிறோம், ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

கடதாசியை ஊருக்குக் காட்டி விளங்கப்படுத்த முடியாது என்று தெரியும். கணினிக் கதை என்றால் அது ஒளிந்து நிற்கிற கதையாகத்தான் அவர்களுக்குப் படும். அன்று மாலை நிலையத்து முற்றத்தில் வழமைபோலச் சனம் கூடியிருந்தது. அம்மாவை அனுப்பிப் பக்கத்து வீட்டு அக்காவை வரச்சொல்லிக் கேட்டேன். வருவாவோ என்று பயமாக இருந்தது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தா, ஆனால் ஓரமாக நின்றா. வயதில் மிக மூத்த மூலை வீட்டு ஐயாவையும் எங்கள் அப்பாவையும் முன்னால் வரச் சொன்னேன்.

"நான் ஒண்டும் கதைக்கப் போறதில்லை," என்றேன். "கூட்டத்திலை எடுத்த முடிவுப்படி மூண்டு பேரும் வரிசையிலை நில்லுங்கோ. ஐயா வீட்டிலை நாலு வாளி. எங்கடை வீட்டிலை ரெண்டு. அக்கா வீட்டிலை ஒண்டுமில்லை எண்டு வையுங்கோ."

தலைவர் அண்ணை தீர்ப்புச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார். ஐயாவும் அப்பாவும் வித்தியாசம் இரண்டு வாளி, மூத்தவர் முன்னுக்கு. ஐயா அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். அப்பாவும் அக்காவும் வித்தியாசம் இரண்டு வாளி, மூத்தவர் முன்னுக்கு. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றா. அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி ஓடியது. வரிசை முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

"இப்ப அக்காவையும் ஐயாவையும் பாருங்கோ, அண்ணை," என்றேன்.

வித்தியாசம் நான்கு வாளி. வெறுமையான வீடு முன்னுக்கு. அக்கா நடந்து போய் ஐயாவுக்கு முன்னால் நின்றா. உடனே கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல், அக்கா இப்போது அப்பாவுக்கும் முன்னால் நிற்கிறாவே, அது பிழையல்லவா என்றது. பிழைதான். அப்பா நடந்து போய் அக்காவுக்கு முன்னால் நின்றார். அப்படியென்றால் ஐயா அப்பாவுக்குப் பின்னால் போய்விட்டார். ஐயா பொல்லை ஊன்றிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வந்தார். அக்கா ஐயாவுக்கு முன்னால் போக வேண்டும், போனா. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முந்தி முந்தி முற்றத்தைச் சுற்றத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்காவின் சின்னவன் அவர்களுக்குப் பின்னால் ஓடினான்.

ஐயா நின்று மூச்சு வாங்கினார். "என்னடி பிள்ளை, தேர் சுத்தின மாதிரி எங்களைச் சுத்த விடுறாய்? ஆர்தான் முதல்?"

"ஒருத்தரும் இல்லை, ஐயா. என்ரை நிரலும் இப்பிடித்தான் சுத்தினது. சுத்தினதிலை அக்கா வீடு கை விட்டுப் போச்சுது."

சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லோரும் அந்த மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் விரல் மடித்து மறுபடியும் கணக்குப் பார்த்தார். கூட்டத்தில் அந்த விதியை முன்வைத்தவர் இன்னொரு முறை வரிசைப்படுத்திப் பார்க்கக் கேட்டார். பார்த்தார்கள், வரவில்லை. தலைவர் அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு, "நாங்கள் எல்லாரும் கை தூக்கினது இதுக்கோ," என்றார். நான் மத்தியானம் முற்றத்தில் தனியே நின்று உணர்ந்தது இப்போது ஊர் முழுவதின் முகத்திலும் தெரிந்தது. வாழ்நாளில் நான் எழுதிய எந்த நிரலும் எனக்கு அப்படி ஒரு காட்சியைத் தந்ததில்லை.

அப்பா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். இத்தனை வருடத்தில் அவர்கள் அவ்வளவு கிட்ட நின்றது அன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் நினைத்துக்கொண்டிருந்தது நடக்கவே இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்திருக்கும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சபையைப் பார்த்துச் சொன்னார், "என்ரை பிள்ளை அப்பிடிச் செய்யாது. நான்தான் பிழையாய் நினைச்சனான்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தா. "உம்மிலை பிழை இல்லையெண்டு விளங்குது, தங்கச்சி. ஆனா நான் உப்புத் தண்ணியிலை பிள்ளையளுக்குச் சோறு வடிச்சது வடிச்சது தானே," என்றா. நான் ஓம் என்றேன்.

விதியை அன்றே மாற்றினோம். கோயில் கொட்டகைக்கு அடித்து மிஞ்சிய பெயின்றை எடுத்து ஒவ்வொரு தாங்கியிலும் இரண்டு கோடு போட்டோம். கீழ்க் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இருக்கிற வீடுகள் முதல், இரண்டு கோட்டுக்கும் நடுவே இருப்பவை அடுத்தது, மேலே இருப்பவை கடைசி. ஒரே பகுதிக்குள் நிற்பவர்களுக்குள் மட்டும் மூத்தவர் வீடு முந்தி, வயதும் ஒன்றென்றால் வீட்டு இலக்கம். இதில் வட்டம் வராது. சோதனைக் கருவியிடம் விட்டுப் பார்த்தேன், எவ்வளவு நேரம் தேடியும் அதனால் அப்படிச் சுற்றி வருகிற மூன்று வீட்டைக் கொண்டுவர முடியவில்லை.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. கோட்டுக்கு ஒரு கிளாஸ் மேலே நின்றாலும் பிந்தித்தானோ என்று சிலர் கேட்டார்கள். ஓம், பிந்தித்தான் என்றேன். அது கஞ்சத்தனம் மாதிரி இருக்கிறது என்றார்கள். இருக்கிறதுதான். எங்கள் பழைய விதி யாரோடும் கஞ்சத்தனம் காட்டவில்லை, அதனால்தான் ஒரு வீட்டை மறந்தது என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை தலைவர் அண்ணை தட்டியதும் செய்தி போனது. நான் வேலைக்குப் போகாமல் குசினிக்குள் நின்றேன். பவுசர் பக்கத்துப் படலையில் நின்றது. வெறும் தாங்கியின் அடியில் தண்ணீர் விழுந்து இரைகிற சத்தம் வேலியைத் தாண்டிக் கேட்டது. தாங்கி நிறைய நிறைய அந்த இரைச்சல் மெல்லத் தணிந்தது. அம்மா அடுப்பை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று அதைக் கேட்டா.

வேலி வழக்கு இன்னும் தீரவில்லை. அது வேறு கதை, அதற்கு நிரல் எழுத என்னால் முடியாது.

ஆனால் அன்றிலிருந்து எது முந்தி எது பிந்தி என்று எழுத வேண்டிய இடம் எங்கே வந்தாலும், கணினியில் என்றாலும் வீட்டில் என்றாலும், என் கை சற்று நிற்கிறது. இரண்டு பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகு, மூன்றாவதாக ஒருவரை மனதுக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். நல்ல மனத்தோடு செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது என்பதை எனக்குக் காட்டியது அந்த மூன்றாவது ஆள்தான்.